மூட்டையைத் தராசில் ஏற்றுங்கள்
(லக்ஷ்மிபாய் நகர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பெனிக்குள் மோசடி நடக்கிறது என்று உள்ளே வேலை பார்த்தவன் ஒருவன் வெளியே வந்து சொன்னால், முதலாளிமார் கேட்கும் முதல் கேள்வி, இவனுக்கு என்ன ஆதாயம் என்பது. நம்மவர்களும் அதையே திருப்பிக் கேட்கிறோம். அதுதான் எனக்கு வருத்தம்.

இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், குர்காவில் இருந்தது ரான்பாக்சி மருந்துக் கம்பெனி. 2003ல் அங்கே சேர்ந்த தினேஷ் தாக்கூர், மேலதிகாரி சொன்னபடி ஏடுகளைத் தோண்டினார். மருந்துச் சோதனை விவரங்களில் ஏராளமான பொய். 2005ல் வேலையை விட்டார். அமெரிக்க மருந்துத் துறைக்கு, முதலில் புனைபெயரில், எழுதினார். 2007ல் அங்கே வழக்கும் போட்டார். 2013 மே மாதம் கம்பெனியின் அமெரிக்கக் கிளை ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டது. கட்ட வேண்டிய தொகை 50 கோடி டாலர். அதில் தாக்கூருக்கு ஏறத்தாழ 4.8 கோடி டாலர் கிடைத்தது.

ஆக, பணத்துக்காகத்தான் சொன்னான் என்பார்கள். இருக்கட்டுமே! 1863ல், உள்நாட்டுப் போரில் ராணுவத்தை ஏமாற்றிய காண்டிராக்டர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில் போட்ட சட்டம் அது. ஆசை இருக்கும் என்று தெரிந்தேதான் பங்கு வைத்தார்கள். தேவாஸ், பவுன்டா சாகிப் ஆலைகளின் 30க்கு மேற்பட்ட மருந்துகளை 2008ல் அமெரிக்கா தடுத்தபோது, தாக்கூரின் மனசையா சோதித்தார்கள்? ஆலையைச் சோதித்தார்கள்.

பார்சல் ஆபீசில் மூட்டை எடை குறைகிறது என்று ஒருவன் சொன்னால், அவன் யாருக்கு விரோதி என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டோம். தராசில் ஏற்றுவோம். தராசு இல்லாத விஷயமும் உண்டு, மறுக்கவில்லை. மூடிய அறையில் மேனேஜர் இப்படிச் சொன்னார் என்று அவன் வாய்வார்த்தை மட்டும் இருந்தால், பழைய பகை உண்டா என்று பார்க்கத்தான் வேண்டும். அங்கேயும் பகை இருப்பதாலேயே பொய் என்று ஆகிவிடாது. பகையாளிதானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான்?

நம் நாட்டில் 2014ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். பல ஆண்டுகள் அமலுக்கு வராமலே கிடந்தது. அது அரசு ஊழியர் மீதான புகாருக்கு. தனியார் கம்பெனிக்கு அல்ல. பெயர் போடாத கடிதத்தின் மீது நடவடிக்கையும் கிடையாது. தாக்கூரின் முதல் கடிதம் இங்கே வந்திருந்தால் குப்பைக்கூடைதான்!

நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் குர்காவிலும் நொய்டாவிலும் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். நாளைக்கு ஒருவன் ஒரு ஏட்டோடு சங்கத்துக்கு வந்தால், முதலில் அந்த ஏட்டை வாங்கிப் படியுங்கள். அவனுடைய சம்பளத் தகராறை டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.