பங்கிடு, வகு: ரெண்டும் ஒண்ணா?

இன்னைக்கு நாம எடுத்துக்கிட்ட சொல் 'பங்கிடு'. பங்கு, இடு ரெண்டும் சேர்ந்தது. 'சமமாக' என்ற பொருள் இதில் கட்டாயம் இல்லை. அதனாலதான் 'சமமாப் பங்கிடு'ன்னு சேர்த்துச் சொல்றோம்.

கணக்குப் பாடத்தில் வரும் 'வகு' வேற. 12-ஐ 3-ஆல் வகுத்தால் ஆளுக்கு 4. சமம் அதுக்குள்ளேயே இருக்கு. ஆனா, அந்த 3 பேர் யாரு?

வையம்பட்டிப் பக்கம் ஒரு இந்துக் குடும்பத்துக்குப் பூர்வீகமா 12 ஏக்கர் மானாவாரி நிலம்னு வைங்க. அப்பா, ரெண்டு மகன், ஒரு மகள். பழைய முறையில் வகுக்கும் எண் 3. மகள் எண்ணிக்கையிலேயே இல்லை. 1989-இல் தமிழ்நாடு செய்த சட்டத்திருத்தம் அதை 4 ஆக்கியது. ஆளுக்கு 3 ஏக்கர். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குப் பங்கு இல்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து முடித்த பாகப்பிரிவினை மாறாது.

அதனால, 'விடுதலைப் பத்திரம்தான், ஒரு கையெழுத்துப் போடும்மா'ன்னு யாராவது கேட்டா, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. அந்தக் கையெழுத்து 4-ஐ மறுபடியும் 3 ஆக்கிடும். விட்டுக்கொடுக்கிறது உங்க விருப்பம். ஆனா எதை விடுறோம்னு தெரிஞ்சு விடணும்.