காவலின் உரைகல்



காவலரைப் பழித்தல் எளிது, புகழ்தலும் எளிது, அளந்து மதித்தலே அரிது. பேரிடர்க் காலத்தில் அவ்வருமை பன்மடங்காகும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளிரவு பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த கிருட்டிணா நகரில் படைத்துறையினர் வந்து மக்களை மீட்டனர். இத்தகைய நாள்களில், முழங்காலளவு நீரில் நிற்கும் செந்தொப்பிக் காவலர் ஒருவரைக் கண்டு துறை முழுவதையும் போற்றுவாரும் உளர். ஓங்கிய தடி ஒன்றைக் கண்டு முழுவதையும் தூற்றுவாரும் உளர். இரண்டும் தீர்ப்பாகா.

அவ்வாறாயின் உரைகல் யாது?

அலை சீறும் கரையினின்று ஒருவனைக் கைப்பற்றி இழுத்தல் கொடுமையன்று, காவலே. உணவு தேடி அலையும் ஏழையைக் கள்வனென ஐயுற்று அடித்தல் காவலன்று, கொடுமையே. ஆகவே, செயல் வன்மையா மென்மையா என்பதன்று வினா. எவர் உயிர் காக்க, எதனை ஆராய்ந்து, எவ்வளவு வலிமை ஆளப்பட்டது என்பதே வினா.

ஆராயாக் காவலின் கேட்டைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. கோவலனின் தோற்றங் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று உரைத்த காவலரும் அங்கிருந்தனர். எனினும் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் முந்திக்கொண்டது.

அதே கேடு நம் காலத்தும் நிகழ்ந்தது. 2005-ஆம் ஆண்டு ஆகத்து 29-ஆம் நாள் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரை அழித்தது. கொள்ளை, துப்பாக்கிச் சூடு என்னும் பேச்சு ஊரெங்கும் பரவியது. செப்டம்பர் 4-ஆம் நாள் தான்சிகர் பாலத்தில், படைக்கலமற்ற மக்கள்மீது காவலர் சுட்டனர். இருவர் மாண்டனர், நால்வர் புண்பட்டனர். பின்னர்ப் பொய்ச் சான்று புனைந்து குற்றத்தை மறைத்தனர். 2016-இல் காவலராயிருந்த ஐவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதே நகரில் வெள்ளத்திலிறங்கி உயிர் காத்த காவலரும் இருந்தனர். அவர்தம் நற்செயல் இக்கொலையை மறைக்காது. இக்கொலை அவர்தம் நற்செயலை அழிக்காது. தனித்தனியே எடைபோடுதலே முறை.

இந்தியச் சட்டமும் எடைக்கல் ஒன்றை வைத்துள்ளது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிக் கடமையைக் கைவிடும் அலுவலர்க்கு ஓராண்டுவரை சிறை அல்லது தண்டம் விதிக்கின்றது. ஆனால் 59-ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடர அரசின் முன்னிசைவு வேண்டும். துலாக்கோலைத் தந்துவிட்டுத் தட்டைப் பூட்டி வைத்தாற்போன்றது இது!

காவலர்மீதான முறையீடுகளை ஆராயத் தனியமைப்பு வேண்டுமென உச்ச முறைமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அவ்வமைப்புக்கு உயிரூட்டுவது சான்று. சான்றோ மக்கள் கையிலுள்ளது. நாள், நேரம், இடம், நிகழ்ந்தது ஆகிய நான்கையும் உள்ளவாறு எழுதி வைத்தல் வேண்டும். நன்று செய்தார் பெயரையும் தீது செய்தார் பெயரையும் ஒரே ஏட்டில் எழுதுக!

நன்றியுணர்வு நடுவுநிலையைக் கெடுத்தலாகாது, சினமும் கெடுத்தலாகாது. வெள்ளம் வடிந்தபின் வினவும் மக்களே, அடுத்த வெள்ளத்தில் நல்ல காவலைப் பெறுவர்.