மலைக்கோட்டை தலைகீழாகத் தெரிய வேண்டும்



ஆடி பதினெட்டு நெருங்குகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்புக்கு வந்து, காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக நடுவில் வைத்துக்கொண்டு ஓடுகிற நாள்கள். அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடம் கிடைக்காது. நீச்சல் பயிற்சி, உயிர்காக்கும் பயிற்சி, நீர்ப் பாதுகாப்பு என்று மூன்று தலைப்பு கொடுத்து வானொலியில் பேசச் சொன்னார்கள். முதல் தலைப்பிலேயே நான் உட்கார்ந்துவிடுவேன். இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு நீச்சல் பழக்கியவர் பெரியப்பா. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்ற காலம்; அது முழுதாக எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1987இல்தான். பிள்ளைகள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவது அன்றைய வழக்கம். பெரியப்பா குடுக்கை கட்டவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் என்னை நிறுத்தி, பிடரிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "தலைய மலைக்கோட்டைப் பக்கம் சாய்ச்சு மல்லாந்து படு" என்றார்.

அப்படிப் படுத்தால் கால் கோயில் பக்கம் நீளும். "பெருமாளுக்குக் காலை நீட்டலாமா?" என்று கேட்டேன். "முழுகுறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாதுடா. மோவாயைத் தூக்கு. உச்சிப்பிள்ளையார் தலைகீழாத் தெரியுறாரா?" என்றார். தெரிந்தார். பிள்ளையார் கோயில் கீழே, பாறை மேலே, அதற்கும் மேலே ஆறு. அவர் கையை எடுத்ததுகூட எனக்குத் தெரியாது.

அந்த ஒரு பாடத்துக்குள் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது நானே நீச்சல் வாத்தியாரான பிறகுதான் புரிந்தது. மனிதத் தலை நாலைந்து கிலோ கனம். அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் இடுப்பு கீழே இறங்கும். இடுப்பு இறங்கினால் காலும் இறங்கும். ஆள் செங்குத்தாகி விடுவார். காது நனைய, மோவாய் வானத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தால் நெஞ்சு தானாக மேலே வரும். சமையற்கட்டில் இருந்து கேட்கிறவர்கள் ஒரு வெறும் சொம்பை வாளித் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கிப் பாருங்கள். கையை எதிர்த்து முட்டும். மூச்சை நிறைய இழுத்து வைத்த நெஞ்சும் அப்படியொரு சொம்புதான். "காப்பாத்துங்க" என்று கத்தும்போது அந்தச் சொம்பு காலியாகிறது.

முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்ததில் சின்னப் பிள்ளைகள் எனக்குச் சிரமம் கொடுத்ததே இல்லை. பெரியவர்கள்தான். உறையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார்கள், ஐம்பது வயதுக்கு மேல். பேத்தியைச் சேர்க்க வந்தவர், கடைசியில் தானும் சேர்ந்துகொண்டார். எட்டு நாளாகத் தலையைச் சாய்க்க மாட்டேன் என்றார். "சார், காது அடைக்குது." "அடைக்கட்டும்மா, வெளியே வந்தா திறந்துக்கும்." ஒன்பதாம் நாள், என்ன நினைத்தாரோ, படுத்துவிட்டார். நான் நூறு எண்ணினேன். எழுந்து வந்து, "உள்ள யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது சார்" என்றார். அது அவருடைய மூச்சுதான். கைவீச்சு, கால் உதைப்பு, போட்டி நீச்சல் எல்லாம் அதற்குப் பிறகு வரலாம். எந்தப் பயிற்சியில் பிள்ளையைச் சேர்த்தாலும், "மிதக்கச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. குளத்து நீச்சல் வேறு, ஆற்று நீச்சல் வேறு. மணல் அள்ளிய குழிகள் கொள்ளிடத்தில் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. முழங்காலளவில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடியில் தரை இருக்காது. இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தவே கூடாது. மல்லாந்து, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டி, ஆறு போகிற போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு ஒதுங்க வேண்டும். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவர 51 மணி நேரத்தில் நீந்தியவர். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போதுதான் உயிரை விட்டார்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார். மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கூச்சல் போட மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் தண்ணீரைக் கீழே அமுக்கும், சத்தமே வராது. அதிகம் போனால் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். பதறிக் குதிக்காதீர்கள், அவர் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார். ஒரு படித்துறையில் பூ விற்கிற அம்மா ஒருவர், பக்கத்தில் காய்ந்த இரண்டு வேட்டிகளை முடிந்து, நுனியை நனைத்து முடிச்சுப் போட்டு வீசினார். ஈர முடிச்சின் கனத்தில் வேட்டி தூரம் போனது. முழுகிக்கொண்டிருந்த பையன் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. உயிர்காக்கும் பயிற்சியிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்: கைக்கு எட்டினால் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிறு வீசு, தண்ணீரில் இறங்குவது கடைசி.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் 108க்கு ஒருவர் கூப்பிடட்டும். மற்றவர் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் காற்றை ஊத வேண்டும்; பிறகு நடு நெஞ்சில் முப்பது அமுக்கு, இரண்டு ஊது, முப்பது அமுக்கு, இரண்டு ஊது. இதைக் காதால் கேட்டால் போதாது, கையால் பழக வேண்டும். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐ.நா. சபை ஜூலை 25ஐ இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. நமக்கு அதையொட்டியே ஆடிப்பெருக்கு வருகிறது.

தாய்மார்களே, அன்றைக்குக் காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் கூடையில் எடுத்து வைப்பீர்கள். அதோடு கிணற்றுக் கயிறு ஒரு பத்து கஜமும், மூடி இறுக்கமான வெறும் எண்ணெய் கேன் ஒன்றும் வையுங்கள். கயிற்றை கேனின் காதில் கட்டி, வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை வீசிப் பார்த்துவிட்டுப் படித்துறைக்கு வாருங்கள்.