வீட்டுக்குள் வாழும் மொழி: சங்கேதி மக்களைப் பற்றி



சங்கேதிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மைசூர் மாவட்டத்துப் பெட்டதபுரத்திலும், ஹாசன் அருகே கௌசிகையிலும், காவிரிக்கரை ருத்ரபட்டணத்திலும், சிவமொக்கா பக்கம் துங்கை ஆற்றங்கரையில் மத்தூர், ஹொசஹள்ளியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் அவர்கள். பாக்குத் தோட்டமும் வேதப் படிப்பும் அவர்களுடைய பழைய வாழ்க்கை.

தமிழ்நாட்டின் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. அந்தக் கதையின் தலைவி நாச்சாரம்மா. ஆண்கள் நிறைந்த புலமைச் சபையில் கல்வியால் ஓங்கி நின்றவள். அதனாலேயே அவமதிக்கப்பட்டாள். தன் பக்கம் நின்ற குடும்பங்களோடு ஊரைவிட்டே புறப்பட்டாள். வரலாற்றாசிரியர் இதற்குச் சான்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு சமூகம் தன் மூலத்தை அரசனிடமோ படைத்தலைவனிடமோ தேடாமல், படித்த ஒரு பெண்ணின் ரோஷத்தில் வைத்துப் போற்றுகிறதே, அதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

மொழிக்கு வருவோம். ஒரு சங்கேதி வீட்டை நினைத்துப் பாருங்கள். பேரனைக் குளிக்க அழைக்கும்போது பாட்டி பேசுவது சங்கேதி. கடைக்குக் கொடுக்கும் சீட்டு கன்னட எழுத்தில். பூஜை அறையில் கிருஷ்ண யஜுர்வேதம். ஸ்மார்த்த மரபினரான அவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே காலைப் பொழுதுக்குள் அடங்கிவிடும். பாட்டியின் பேச்சுக்கு அடித்தளம் தமிழ். அதில் மலையாளச் சாயல் உண்டு. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த எல்லை ஊர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கன்னடச் சொற்களோ ஏராளம். இதைக் ‘கொச்சைத் தமிழ்’ என்று தமிழர்களான நம்மவர்கள் சொல்லக் கேட்டு வருந்தியிருக்கிறேன். அது கொச்சையன்று, தனக்கென ஒழுங்குள்ள பேச்சு.

வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறு மொழி என்ற நிலை சங்கேதிகளுக்கு மட்டும் வந்ததன்று. லாவோஸிலிருந்து மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் வடகிழக்கில் குடியேறிய ஞோ மக்களும் லாவோவுக்கு நெருங்கிய தங்கள் பேச்சை வீட்டில் வைத்துக்கொண்டு, பள்ளியில் தாய்லாந்து மொழியைப் படிக்கிறார்கள்.

சங்கேதிகளின் புகழ் பெரிது. ருத்ரபட்டணம் தந்த ஆர்.கே. ஸ்ரீகண்டனின் (1920–2014) இசையை நாடறியும். ஹொசஹள்ளியின் எச்.ஆர். கேசவமூர்த்தி, காவியங்களை இசையோடு வாசிக்கும் கமகக் கலைக்காக 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். மத்தூரை ‘சமஸ்கிருத கிராமம்’ என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். ஆனால் அங்கே போகும் நிருபர்கள் அடுக்களையில் ஒலிக்கும் மொழியைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. சமஸ்கிருதத்துக்கு நூலகங்கள் உண்டு, கன்னடத்துக்கு அரசு உண்டு. சங்கேதிக்கு இருப்பது வீடு மட்டும். பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனபின் அந்த வீட்டில் யார் பேசுவார்கள்?

இந்தப் பேச்சைப் பதிவு செய்து காக்க நமக்கு வழி உண்டு. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நம் மைசூரில்தான் இருக்கிறது. ஒலிப்பதிவுக்குக் கைபேசியே போதும். இங்கே வந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தெருவிலுள்ள சங்கேதிப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். உறவுமுறைப் பெயர்கள், தாலாட்டு, சமையல் சொற்கள், நாச்சாரம்மாவின் கதை, எதையும் விடாதீர்கள். ஊரையும் தேதியையும் மறக்காமல் குறித்து வையுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.