புரை முற்றட்டும் என்று காத்திருப்பதா?

தம்பின் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் பலர், கண் அறுவை என்றதும் "புரை இன்னும் முற்றட்டும்" என்பார்கள். அது பழைய அறுவைமுறைக்குச் சொன்ன புத்திமதி. இன்று அதுவே ஆபத்து. முற்றிய புரை இறுகிவிடுகிறது. அதை எடுக்கும்போது வில்லையைத் தாங்கும் மெல்லிய பை கிழியும் அபாயம் கூடுகிறது.

மருத்துவர் எதை வைத்து இப்படிச் சொல்கிறார்? கணக்கை வைத்துத்தான். மலேசியாவில் 2002இல் தொடங்கிய கண்புரை அறுவைப் பதிவேட்டில், பை கிழிந்ததா, பின்னர் பார்வை எவ்வளவு தேறியது என்பதெல்லாம் பதிவாகிறது. தன் குறையைத் தானே எழுதிவைப்பது சின்னக் காரியமா? மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகள், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டன. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மோக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தியவர்களிடம், கண்ணின் உட்புறத் தொற்று 10,000 பேருக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது.

2014 தேசியக் கண் ஆய்வின்படி, பார்வையிழந்த 50 வயதுக்கு மேற்பட்டோரில் 58.6 விழுக்காட்டினருக்கு அறுவை செய்யாத புரையே காரணம். அடுத்தது இனிப்புநீர். அந்நோய் உள்ளவர்கள் விழித்திரையையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது கெட்டிருந்தால் புரை நீங்கியும் பார்வை முழுதாகத் திரும்பாது. சோதனை நாளில் மோட்டார் சைக்கிள் வேண்டாம். கண்பாவையை விரிக்கும் சொட்டுமருந்தால் சில மணி நேரம் கண் கூசும். மகனோ மருமகளோ கூட வரட்டும்.