பல்வலிக்குக் கார்டு செல்லுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "கார்டு இருந்தா ஆஸ்பத்திரியில ஒரு பைசா செலவில்லைன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? அப்புறம் என் தோடு ஏன் அடகுக்கடைக்குப் போச்சு?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அப்படிச் சொன்னது நாங்கள்தான்.

நடந்தது இதுதான். அந்த அக்காவுக்கு மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு வைத்தார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். பல்வலிக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவாங்க? ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கன்னம் வீங்கிவிட்டது. மறுநாள் டவுனில் ஒரு தனியார் பல் மருத்துவரிடம் போனார். வேர் சிகிச்சைக்கு 6,500 ரூபாய் என்றார்கள். காப்பீட்டுக் கார்டை நீட்டினார். "இது இங்கே செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். தோட்டை வைத்துப் பணம் கட்டினார். ரசீது வாங்கவில்லை. வீக்கம் வடியவில்லை, கழுத்துக்கு இறங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கி, ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே கட்டணம் எதுவும் இல்லை.

முதலிலேயே அங்கே போயிருந்தால் தோடும் தப்பியிருக்கும், உயிர்ப்பயமும் இருந்திருக்காது. நாங்கள் சரியாகச் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். அதனால் இன்றைக்கு முழுசாகச் சொல்கிறோம்.

முதலில், கார்டு எதற்கு? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. ஆனால் ஒன்றைப் புரிஞ்சுக்கணும். இது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கான காப்பீடு. அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். பல் பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை, பல் கட்டுவது இதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகும் வைத்தியம். தனியார் பல் மருத்துவரிடம் இதற்குக் கார்டு செல்லாது. அவர் மறுத்தது ஏமாற்று இல்லை.

அதே வாயில் வேறு சிலதுக்குக் கார்டு செல்லும். வண்டியில் விழுந்து தாடை எலும்பு உடைந்தால், தாடையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், வாய்ப்புற்றுநோய் என்றால், கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில், "இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கா?" என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் படுக்கை, மருந்து, பரிசோதனை, ஆபரேஷன், நோயாளிக்குச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். "மருந்துக்கு மட்டும் தனியாகக் கட்டுங்க" என்றால் கட்டாதீர்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசிப் புகார் சொல்லுங்கள்.

அப்போ சாதாரணப் பல்வலிக்கு எங்கே போவது? தாலுகா அரசு மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றின் பல் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். எங்கே எந்த நாளில் பல் மருத்துவர் இருப்பார் என்பதை 104-க்குப் போன் செய்து கேட்கலாம். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன.

எது அவசரம்? காய்ச்சலோடு முகம் வீங்குவது, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குவது, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாதது, மூச்சு முட்டுவது, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காதது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பல்லில் வந்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுத்துவிடும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில், அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும், உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "முதலில் பணம்" என்று வாசலில் நிறுத்தினால், இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

தனியாரிடம் போகும்போதும் நமக்கு உரிமை இருக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைகளை வரிசைப்படுத்தி ஒரு சாசனம் தந்தது. அதன்படி என்ன நோய், என்ன சிகிச்சை, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்கலாம். "இன்றைக்கு வலியை மட்டும் நிறுத்துங்க, மற்றதை யோசிச்சு வர்றேன்" என்று சொல்லலாம். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். எதுக்கு எவ்வளவு என்று விவரமாக எழுதிய ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம். கேட்டால் டாக்டர் கோவிச்சுக்குவார் என்று நினைக்காதீர்கள். நகைக்கடையில் ரசீது இல்லாமல் வருவோமா?

காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். ஆனால் ரசீது இல்லாமல் நாம் எதைக் காட்டுவது? அந்த அக்காவின் 6,500 ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சகோதரிகளே, இந்த மாதமே ஒவ்வொரு குழுவும் மூன்று காரியம் செய்யுங்கள். 108, 104, 1800 425 3993 ஆகிய எண்களைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவ அவசரத்துக்கு ராத்திரியிலும் எடுத்துக் கொடுக்க, உள்கடனில் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். யாருக்குப் பல்வலி என்று கூட்டத்தில் கேட்டு, இரண்டு பேராகச் சேர்த்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அந்த அக்கா இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் தோட்டை மீட்கக் குழு உள்கடன் கொடுத்திருக்கிறது. அடுத்த தோடு அடகுக்குப் போகாமல் பார்ப்பது நம் எல்லோர் வேலை.