சிறுதேரும் சிவத்த கோச்சியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவம் சிறுதேர் உருட்டல். இந்துக் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிற நான் அந்தப் பருவத்தின் பெயரை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு வேண்டிய அளவுக்கு மேலே அதைப்பற்றி யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு விளையாட்டுப் புகையிரதம். அது விலைப்பட்டுப் போன கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனது ஊர் பாலமுனை. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். எங்கள் அம்பாறைக் கரையில் தண்டவாளம் கிடையாது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்கு வரும், பொத்துவிலுக்கு வரும் என்று பேச்சு மட்டும் வந்துபோகும். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் பஸ்ஸில் போனால்தான் எங்கள் பிள்ளைகள் கோச்சியைக் கண்ணால் காணலாம். பத்து வயதாகியும் காணாத பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்குள் மட்டும் கோச்சி ஓடியது. அது என் தாய்மாமனின் வீடு. மாமா மட்டக்களப்புப் பாதையில் கார்ட் ஆக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவரோடு வேலைசெய்த பறங்கியர் ஒருவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, கொண்டுபோக முடியாத சாமான்களில் ஒன்றை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஹோன்பி டப்ளோ என்ற ஆங்கிலேய விளையாட்டு ரயில். கடும் சிவப்பு நிறத்தில் ஓர் இயந்திரம், தகரத்தால் ஆன மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள். இயந்திரத்தின் பக்கத்தில் ‘டச்சஸ் ஒவ் அதொல்’ என்று பெயரும் 6231 என்று இலக்கமும் இருக்கும். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. சிவத்த கோச்சி என்றோம்.

பிராங்க் ஹோன்பி லிவர்பூலில் எழுதுவினைஞராக இருந்தவர். தன் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட தகடுகளை வெட்டி, அவற்றைத் திருகாணியால் பூட்டி விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கி, 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் பிறகு மெக்கானோ ஆயிற்று. 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்கள் வந்தன. அவர் 1936இல் இறந்தார். மேசையில் அடங்குகிற டப்ளோ ரயில் வந்தது 1938இல்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஓர் அடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்பது அதன் கணக்கு. அதாவது உண்மையில் எழுபத்தாறில் ஒரு பங்கு.

மாமாவுக்கு இந்தக் கணக்கில் ஒரு மனக்குறை உண்டு. நமது நாட்டின் பாதை ஐந்தரை அடி அகலம். எழுபத்தாறால் பிரித்தால் இருபத்திரண்டு மில்லிமீற்றர் வரவேண்டும். டப்ளோவின் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீற்றர்தான். அடிமட்டத்தை வைத்துக் காட்டி, “இது நம்மட பாதை இல்ல மருமகன், இது ஒடுக்கம்” என்பார். ஆனாலும் கோச்சி ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் அவர் ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்லுவார். ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்த என்று போகும். மன்னம்பிட்டி வந்தால் மட்டும் நிறுத்துவார். மகாவலிக்கு மேலே அங்கே ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் முறைவைத்துப் போன காலம் அது. பஸ் போய் முடியட்டும் என்று காத்திருப்பார். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்போம். கல்லோயாச் சந்தி வரும்போது சாப்பாட்டு நேரமாகிவிடும்.

எட்டு வயதில் ஒருநாள், “மாமா, இத எனக்குத் தாறீங்களா?” என்று கேட்டேன். “மௌத்தாகுமட்டும் தரமாட்டன்” என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. நான் கைத்தொலைபேசியில் குறுந்தொகை கற்பித்தேன். அது மாணவரின் காதில் விழுந்ததா, வீட்டுக் கோழியின் காதில் விழுந்ததா தெரியாது. மாமாவின் மகன் கட்டாரில் இருந்தார். வேலையும் இல்லை, திரும்பி வர விமானமும் இல்லை. மருமகளும் மூன்று பிள்ளைகளும் மாமாவின் ஓய்வூதியத்தில் சாப்பிட்டார்கள். ஆண்டு முடிகிற நேரத்தில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது எங்கள் ஊரும் ஒடுங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு மாலை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மாமா சொன்னார்:

“மருமகன், கோச்சிய வித்துத் தாங்க. இப்ப சீமையில இதுக்கு நல்ல விலையாம்.”

அவர் சொன்னது உண்மைதான். நாம் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற அதே மாதங்களில், இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் விளையாட்டு ரயில்களை இணையத்தில் தேடித்தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கடியில் தூசி பிடித்துக் கிடந்தவை விற்பனைக்கு வந்தன. வந்தவை நிற்காமல் போயின. பல ஆண்டுகளாக நட்டத்தில் கிடந்த ஹோன்பி நிறுவனம், 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இலாபம் கண்டது. இது வயதுபோன சிலரின் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பாடகர் ரொட் ஸ்ருவேர்ட் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் வீட்டு மாடியில் ஒரு நகரத்தையே ரயில்பாதையோடு கட்டி முடித்து, 2019இல் அதை வெளியே காட்டினார். இந்தியாவில் புனே நகரத்து ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. எங்கும் போகமுடியாத காலத்தில் மனிதர் வாங்கியது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற ஒரு வண்டியை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் முதலில் செய்தது, மாமாவுக்கு நானே காசு கொடுக்கப் பார்த்தது. அவர் மறுத்த விதத்தை மறக்க முடியாது. “உங்கட காசு எனக்குக் கடன். வெள்ளக்காரன்ட காசு யாவாரம்.” அதற்கு மேலே பேச இடமிருக்கவில்லை.

விற்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இலங்கையிலிருந்து இணையவழியாகப் பிற நாட்டுக்குக் காசு கட்டலாம். அங்கிருந்து வாங்குவதற்கு அப்போது எங்களுக்கு வழி தெரியவில்லை. ஆகவே இலண்டனில் இருக்கிற உறவுப் பையன் ஒருவனைப் பிடித்தோம். நான் படம் எடுத்து அனுப்ப, அவன் விளம்பரம் போட்டான். ஓடுகிறதா என்று முதலாவது கேள்வி வந்தது. பழைய மின்மாற்றி எப்போதோ எரிந்துவிட்டது. ஆனால் டப்ளோவுக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ற்று நேர்மின்னோட்டம். பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியும் ஓட்டமில்லாமல் சும்மாதான் நின்றது. அதன் பற்றரியைக் கழற்றி வந்து, இரண்டு வயரைக் கொழுவினோம். பதினைந்து வருடம் அசையாமல் கிடந்த சிவத்த கோச்சி முதலில் நடுங்கியது, பிறகு பொறி பறந்தது, பிறகு ஓடியது. வேலிக்கு அப்பால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதைப் படம்பிடித்து அனுப்பினேன்.

அடுத்த கேள்விதான் என்னைச் சங்கடத்தில் மாட்டியது. பெட்டி எங்கே?

ரயில்பெட்டியை அவர்கள் கேட்கவில்லை. ரயிலை வைத்து விற்ற காகித அட்டைப் பெட்டியைக் கேட்டார்கள். அந்தச் சந்தையில் அட்டைப் பெட்டிக்குத் தனிவிலை உண்டு. பெட்டியோடு, வர்ணம் உரியாமல், பிள்ளையின் கைபடாமல் இருந்தால் உச்ச விலை. விளையாடியது தெரிந்தால் விலை இறங்கும். எங்கள் கோச்சியிலோ மூன்று தலைமுறையின் விரல்கள் பட்டிருந்தன.

அன்றிரவு எனக்குக் குறுந்தொகையின் அறுபத்தோராம் பாட்டு நினைவுக்கு வந்தது. தும்பிசேர்கீரன் பாடியது. தச்சன் செய்துகொடுத்த சின்னக் குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிப் போக முடியாது. என்றாலும் கையால் இழுத்துக்கொண்டு திரிவதிலேயே இன்பம் காண்கிறார்கள் என்று அதிலே தோழி சொல்லுகிறாள். தலைவனோடு சேர்ந்திருக்கும் இன்பம் இல்லாவிட்டாலும் அவனது நட்பே எங்களுக்குப் போதும் என்பது அவள் சொல்லவருகிற கருத்து. வகுப்பில் நான் அந்தக் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு, உவமையை இரண்டு வரியில் முடித்துவிடுவேன். இப்போதுதான் தெரிகிறது, உவமைக்குள்தான் பிள்ளை இருக்கிறது. இழுக்கப்படாத வண்டியைச் சங்கப் புலவருக்குத் தெரியாது. பட்டினப்பாலையில் வருகிற முக்காற் சிறுதேரும் அப்படித்தான். கோழிக்கு எறிந்த பொற்குழை வழியில் கிடந்து அதன் சில்லை மறிக்கிறது என்கிறார் உருத்திரங்கண்ணனார். அங்கே பொன்தான் இடைஞ்சல், தேர் ஓடவேண்டும். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் வடமொழியிலிருந்து தந்த ‘மண்ணியற் சிறுதேர்’ நாடகத்தில், பொன் வண்டி கேட்டு அழுத பிள்ளையின் மண் வண்டியை வசந்தசேனை தன் நகைகளால் நிரப்புகிறாள். ஓடவேண்டிய வண்டியில் பொன்னை ஏற்றிய பிறகு வந்த வில்லங்கங்கள் அந்த நாடகம் படித்தவர்களுக்குத் தெரியும்.

பெட்டி எங்கே என்று கேட்டவருக்கு நான் உண்மையை எழுதினேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கோச்சி அலுமாரியின் உச்சியில் இருந்தது. அட்டைப் பெட்டி கீழே, பாய் தலையணைகளோடு இருந்தது. கீழே இருந்தவை எல்லாம் போயின. இலங்கையில் கூடுதலான உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். ஒரு அட்டைப் பெட்டியைப்பற்றி அந்த நாளில் யாரும் நினைக்கவில்லை.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார். விலையைக் கூட்டவில்லை. பெட்டியில்லாத சாமானுக்குச் சந்தையில் உள்ள விலை எதுவோ, அதையே சொன்னார்: இயந்திரத்துக்கும் மூன்று பெட்டிகளுக்குமாக 110 பவுண். அன்றைய கணக்கில் இருபத்தையாயிரம் ரூபாவைத் தாண்டும். எனக்குச் சற்றுக் கோபம்தான். மாமாவோ, “அவன் யாவாரத்த யாவாரமாச் செய்யிறான், நல்ல மனிசன்” என்றார். காசு வந்தது, மருமகளின் வீட்டில் இரண்டு மாதம் அடுப்பு எரிந்தது.

தண்டவாளத்தை அவர் வேண்டாம் என்றுவிட்டார். தபால் செலவு அதன் விலையை விடக் கூட. அதுவும் இங்கிலாந்தில் தேவைக்கு மேல் கிடக்கிறதாம். ஆகவே இப்போது பாலமுனையில் தண்டவாளம் இருக்கிறது, கோச்சி இல்லை.

வெளிநாட்டுப் பொதிகள் ஒழுங்காகப் போகத் தொடங்குமட்டும் காத்திருந்தோம். காசு வாங்கிய பிறகும் சாமான் வீட்டிலேயே கிடந்த அந்த மாதங்களில் மாமா அதை ஒருநாளும் ஓட்டவில்லை. பேரப்பிள்ளைகள் கெஞ்சினார்கள். நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்; ஒரு சுற்று ஓடினால் தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். “வித்த சாமான் மருமகன், இது அடுத்தவன்ட பொருள்” என்றார். வாங்கியவரோ விளையாடிய அடையாளத்துக்காக ஏற்கெனவே விலையைக் குறைத்துவிட்டார். இது நியாயமா என்று நான் யாரிடம் கேட்பது? பழைய சாரமொன்றைக் கிழித்து, ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றிக் கட்டியவர் மாமாதான். இயந்திரத்தைக் கடைசியாகக் கட்டினார். தபாலகத்துக்கு என்னை மட்டும் அனுப்பினார்.

பொதி போய்ச் சேர்ந்து சில நாளில் இலண்டன் பையன் மூலமாக ஒரு ஒளிப்பதிவு வந்தது. வாங்கியவர் தன் மேசையில், தன் தண்டவாளத்தில், சிவத்த கோச்சியை ஓட்டிக் காட்டியிருந்தார். பச்சைக் குன்றுகள், சின்ன வீடுகள், கைகாட்டி மரம் எல்லாம் அங்கே இருந்தன. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியை மூக்குக்குக் கிட்டே பிடித்து மூன்று தடவை பார்த்தார். ஏறாவூர் என்றோ வாழைச்சேனை என்றோ சொல்லவில்லை. நாலாவது தடவை பார்க்கும்போது முகம் சுருங்கியது.

“என்ன மாமா?”

“கார்ட்ட பெட்டிய நடுவில கொழுவிட்டான். அது கடைசியில வரோணும். எழுதிப் போடுங்க.”

அன்றிரவே எழுதிப் போட்டேன். ஒரு கிழமை கழித்து இரண்டாவது ஒளிப்பதிவு வந்தது. கார்ட்டின் பெட்டி கடைசியில் ஓடியது.